புர்கலும் ப்ளோனர் சாரும்

பதினொரு விழுக்காடு. லெண்டர் ஏரிக் கரையில் நீங்களும் நானும் யாரிடமும் அனுமதி கேட்காமல் கால் நனைக்கக்கூடிய பகுதி அவ்வளவுதான். மீதியெல்லாம் வேலி, கேட், 'தனியார் இடம்' என்ற பலகை. இந்த எண்ணை நாங்கள் எத்தனையோ முறை துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்தோம். வாங்கியவர்கள் அதில் சீஸ் மடித்துக்கொண்டு போனார்கள். அதனால் இங்கேயும் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன்.

அந்தப் பதினொன்றில் ஒரு துண்டு டிராம் தொழிலாளர் சங்கத்துடையது. ஒரு மரத்துறை, உடை மாற்ற ஒரு வரிசை மரக் கொட்டகைகள், மேட்டில் நான்கு படுக்கையறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வாரம் அது எங்கள் நான்கு பேருக்கு. நான் கெப்ஹார்ட், இவர்களுக்கு கெபி, சங்கத்தில் அமைப்பாளனாக இருந்தவன். ஸென்ஸி, பணிமனை கேன்டீனில் சமைத்தவள். புர்கல், டிராம் ஓட்டியவள். ப்ளோனர், இன்ஸ்பெக்டராக இருந்தவர். நால்வரும் ஓய்வு பெற்றவர்கள். நால்வருக்கும் மூட்டு வலி உண்டு. ப்ளோனருக்கு மட்டும் அது வலது முழங்காலில் குடித்தனமே நடத்துகிறது.

இது புர்கலைப் பற்றிய கதை. முழுப் பெயர் நோட்புர்கா லைட்னர். வயது எழுபத்தொன்று. மலைப்பண்ணை ஒன்றில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தாள். ஐந்தாவது பெண்ணுக்குப் பண்ணையில் மாடும் கிடையாது, நிலமும் கிடையாது. நகரத்துக்கு வந்து கையுறை தைக்கும் ஆலையில் சேர்ந்தாள். அது மூடியதும் டிராம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கள் பணிமனையில் பெண்கள் ஓட்ட வந்த புதிது அது. பெண் ஓட்டினால் ஏற மாட்டேன் என்று ஒரு கிழவர் நிறுத்தத்தில் நின்றார். "அடுத்த வண்டியும் நான்தான் ஓட்டறேன், தாத்தா" என்று பொய் சொல்லிக் கதவை மூடினாள். கிழவர் நடந்தே போனார். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. பிள்ளைகள் இல்லை.

அவளுடைய துணிச்சலுக்கு ஒரு சான்று போதும். எங்கள் துறைக்குப் பக்கத்து இடத்தை ஒரு ஹோட்டல்காரர் வாங்கி, ஏரியின் விளிம்புவரை வேலி போட்டார். ஊர்க்காரர்கள் காலங்காலமாக நடந்த பாதை அடைபட்டது. நாங்கள் மனு எழுதினோம், கூட்டம் போட்டோம், மறுபடி மனு எழுதினோம். புர்கல் ஒன்றும் எழுதவில்லை. காலையில் தண்ணீரில் இறங்கி, வேலியின் நுனியைச் சுற்றி நீந்தி, அந்தப் பக்கம் கரையேறி, ஹோட்டல்காரரின் புல்லில் ஈரத்தோடு உட்கார்ந்தாள். அவர் கத்தினார். அவள் அவரிடம் துண்டு கேட்டாள். மறுநாளும் போனாள். வாரக் கடைசியில் அவளோடு ஊர்ப் பெண்கள் பலர் நீந்திப் போனார்கள். அந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறது.

அப்பேர்ப்பட்டவள், ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தவித்தாள்.

அந்த மனிதர் ப்ளோனர். ஸீக்ஹார்ட் ப்ளோனர். ஒரு பனிக்கால மாலையில் புர்கல் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, வலி எடுத்த ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் கடிகாரத்தோடு நின்றிருந்தவர் இன்ஸ்பெக்டர் ப்ளோனர். தாமதம் என்று எழுதினார். காரணத்தையும் சேர்த்தே எழுதினார், அது அவர் குணம். ஆனாலும் எழுதினார். சங்கம் தலையிட்டு நடவடிக்கையை ரத்து செய்ய வைத்தது. "எழுதியது உண்மைதானே" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

அதே மனிதர் பிறகு எங்கள் ஏரிக்கு வந்தார், மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு. அவர் மனைவி அடெலிண்ட டிக்கெட் அலுவலகத்தில் வேலை செய்தவள், எங்கள் சங்கத்துக்காரி. முதல் கோடையிலேயே ஸென்ஸி பேரிக்காய்ச் சாராயத்தை ஊற்றி, "நான் ஸென்ஸி" என்று கையை நீட்டினாள். அவர் "ஸீக்ஹார்ட்" என்று கையைப் பிடித்தார். அன்றிலிருந்து அவர்கள் 'நீ'. மறுநாள் எனக்கும் அதே சடங்கு. எங்கள் பக்கத்தில் 'நீங்க' தானாக 'நீ' ஆவதில்லை. ஒருவர் முன்வந்து கொடுக்க வேண்டும், மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கும்வரை காத்திருப்பதுதான் மரியாதை. புர்கல் கொடுக்கவில்லை, கோபம். அவரும் கொடுக்கவில்லை, கூச்சம். 'ப்ளோனர் சார்', 'லைட்னர் மேடம்' என்றே கோடைகள் போயின.

அடெலிண்ட இறந்தாள். அதற்குப் பிறகு கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, ஆனால் போய்விட்டது. ஞாயிறு மதியம் புர்கல் அவருக்கு சூப் எடுத்துப் போனாள். அவர் அவளுடைய சுவர்க் கடிகாரத்தைப் பழுது பார்த்தார். அது பழுதே இல்லை என்பது ஸென்ஸியின் கட்சி. சனிக்கிழமை இருவரும் சேர்ந்து சந்தைக்குப் போய், ஒரே கூடையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்போதும் 'நீங்க'.

இந்த ஜூலையில், திங்கள் மதியம், பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது ப்ளோனர் கரண்டியை நேராக வைத்தார்.

"ஃபெல்ட்கிர்ஷ்ல இருந்து பொண்ணு கூப்பிடறா. கீழ் வீட்டை எனக்காக ஒழிச்சு வச்சிருக்காளாம். படி ஏற வேண்டாம், முழங்காலுக்கு நல்லது. ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

ஃபெல்ட்கிர்ஷ் நாட்டின் மறு கோடி. சூப்பை யாரும் தொடவில்லை.

"நல்ல முடிவு, ப்ளோனர் சார்" என்றாள் புர்கல். "பொண்ணு பக்கத்துல இருக்கறது நல்லதுதான்."

"நீங்களும் அப்படித்தான் நினைக்கறீங்களா, மேடம்?"

"ஆமா சார்."

எழுந்து, யாரும் கேட்காத உப்பை எடுக்க உள்ளே போனாள்.

இது நடந்தும் அந்த வாரம் நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். காலையில் ஏரி பாலாடை படிந்தது போல அசையாமல் கிடக்கும். புர்கல்தான் முதலில் இறங்குவாள். "ஐயோ செத்தேன்" என்று கத்துவாள், அடுத்த நொடி சிரிப்பாள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் எழுவோம். துறையின் பலகைகள் பத்து மணிக்குள் சூடாகிவிடும். மல்லாந்து படுத்தால் முதுகு முழுக்க வெயில் ஏறும். ப்ளோனர் கால்சட்டையை இரு பக்கமும் ஒரே அளவில் மடித்து, கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் கருப்பு ரொட்டி, புகையில் வாட்டிய பன்றிக்கொழுப்பு, துருவிய காரக்கிழங்கு, சோடா கலந்த வெள்ளை ஒயின். எதிர்க்கரை மாடுகளின் மணிச்சத்தம் தண்ணீர் மேல் நடந்து வரும். ஒருவருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை. உழைத்தவர்களுக்கு இது சலுகை அல்ல, பாக்கி.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் புர்கல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் வெங்காயம் நறுக்கினேன்.

"போகாதேன்னு சொல்லிடேன்" என்றேன்.

"யார்கிட்ட?"

"அடுப்புகிட்ட."

மாவில் ஒரு குத்து விட்டாள். "எப்படிடா சொல்றது? 'ப்ளோனர் சார், தயவு செஞ்சு நீங்க போகாதீங்க'ன்னா? கதவுல சாயாதீங்கன்னு டிராம்ல எழுதி வச்சிருக்கற மாதிரி இருக்கு. அவரும் 'ரொம்ப நன்றி மேடம்'னுட்டுப் போய்ச் சேருவாரு."

"அப்ப 'நீ' குடு. ரெண்டு கிளாஸ் ஊத்து, முடிஞ்சுது."

"நான் குடுக்கறதா? அவரு என்னைவிட மூணு வயசு பெரியவரு. பெரியவங்கதான் குடுக்கணும். நான் போய் நீட்டி, அவரு அந்த இன்ஸ்பெக்டர் மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னாருன்னு வை, அப்புறம் சூப்பு எடுத்துக்கிட்டுக்கூடப் போக முடியாது."

"வேலியச் சுத்தி நீந்தினவ நீ."

"அது வேலி. அதுக்கு மூஞ்சி இல்ல."

அன்று மாலையே ஸென்ஸி துறையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யோவ் கெபி, கேட்டியா கூத்த? அந்தாளக் கேட்டேன், ஏன்யா இன்னும் அவள மேடம் மேடம்ங்கறேன்னு. என்ன சொல்றான் தெரியுமா? 'பொம்பளைங்கதான் முதல்ல குடுக்கணும், ஆம்பளை நீட்டினா அது அத்துமீறல்'ங்கறான். அடெலிண்ட போனதுலேர்ந்து காத்துக்கிட்டிருக்கானாம்!"

நான் புர்கல் சொன்னதைச் சொன்னேன். ஸென்ஸி படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "இதுங்க ரெண்டும் மரியாதையிலேயே செத்துப்போகும்" என்றாள்.

அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஸென்ஸியிடம் அப்படிச் சொல்வது கொதிக்கும் பாலிடம் பொங்காதே என்று சொல்வது போல. புதன் இரவுச் சாப்பாட்டில் போட்டு உடைத்துவிட்டாள்.

"இவ சொல்றா, பெரியவங்க குடுக்கணுமாம். இவன் சொல்றான், பொம்பளை குடுக்கணுமாம். யாராவது ஒருத்தர் குடுத்துத் தொலைங்க, நான் பாத்திரம் கழுவணும்."

புர்கலின் கழுத்து சிவந்தது. ப்ளோனரின் காதுகள் சிவந்தன. இதோ நடக்கப்போகிறது என்று நான் ஒயின் கோப்பையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

"ஸென்ஸி சொன்னது சரிதான்" என்றார் ப்ளோனர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மேடம் எப்ப விரும்பறாங்களோ அப்ப. அவங்க உரிமைய நான் பறிக்க மாட்டேன்."

"உரிமை உங்களோடது சார். வயசு முன்னாடி."

"மன்னிக்கணும் மேடம். வயசுக்கு முன்னாடி பெண்கள். அதுதான் முறை."

"எந்த ஊரு முறை? எங்க பண்ணையில பெரியவங்கதான்."

"பண்ணை வேற, மேடம். பொது வழக்கம் ஒண்ணு இருக்கு."

"அப்ப பண்ணைக்காரிக்கு வழக்கம் தெரியாதுங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"எழுதித்தான் குடுங்களேன், பழைய மாதிரி."

அவ்வளவுதான். ப்ளோனர் துடைக்கும் துணியை நான்காக மடித்து வைத்து, எல்லோருக்கும் இரவு வணக்கம் சொல்லிவிட்டு மேலே போனார். புர்கல் ஒயினை ஒரே மடக்கில் குடித்தாள். ஸென்ஸி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

வியாழன் முழுவதும் புர்கல் படகில் இருந்தாள். காலையில் துடுப்பை எடுத்துக்கொண்டு போனவள், நடு ஏரியில் தொப்பியை முகத்தின் மேல் போட்டுப் படுத்துவிட்டாள். ப்ளோனர் துறையில் உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் என்னிடம், "அவங்க தலையில வெயில் ஏறிடும், கெபி" என்றார்.

"போய்ச் சொல்லேன்."

"படகு அங்க இருக்கு."

"கத்து."

"'லைட்னர் மேடம், வெயில்ல படுக்காதீங்க'ன்னு ஏரி முழுக்கக் கேக்கற மாதிரியா?" தலையை ஆட்டினார். சற்று நேரம் கழித்து, "சூப்பு அங்கயும் கிடைக்கும், ஃபெல்ட்கிர்ஷ்ல" என்றார். "அந்த சூப்பு இல்ல" என்று அவரே முடித்தார்.

வெள்ளி காலை. சனிக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களுக்குப் பிறகு வேறு குடும்பம். புர்கல் காபிக்கு வந்தபோது மலையேறும் காலணி போட்டிருந்தாள். ஊன்றுகோல் இரண்டு கொண்டுவந்து ப்ளோனரின் நாற்காலியில் சாய்த்தாள்.

"வாங்க, ப்ளோனர் சார். நடக்கலாம்."

"எங்க மேடம்?"

"மேல."

ப்ளோனர் வந்த நாளிலிருந்து மேலே போனதே இல்லை. அடெலிண்டவுக்கு உயரம் ஆகாது; அவர் அவளோடு கரையில் இருப்பார். பிறகு முழங்கால். மலைக்கு நாங்கள் மூவர் மட்டும் போவோம். ஸென்ஸி என்னைப் பார்த்தாள், நான் ஸென்ஸியைப் பார்த்தேன். அவள் உதடு 'ஆயிரம்' என்று அசைந்தது.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே எங்கள் மலைகளில் யாரும் யாருக்கும் 'நீங்க' இல்லை. மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் 'நீ'தான். அங்கே ஒருவர் கொடுக்க, மற்றவர் வாங்க வேண்டிய வேலை இல்லை. பெரியவர் யார், பெண் யார் என்ற வழக்கும் இல்லை. சங்கம் நூறு வருஷம் கத்தியும் கீழே வாங்க முடியாததை அங்கே உயரம் சும்மா கொடுக்கிறது. ஏரியோ அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது.

ப்ளோனருக்கும் அது தெரியும். ஊன்றுகோல்களைப் பார்த்தார். காபியை முடித்தார். துறைக்கு இறங்கிப் போய், அங்கே பலகையில் எழுதியிருக்கும் ஏரியின் உயரத்துக்குத் தன் கைக்கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு வந்தார். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் முள்ளும் அதில் இருந்தது. "போகலாம், மேடம்" என்றார்.

வெட்டிய மரங்களை இழுத்து வரும் காட்டுப்பாதை அது. குழந்தைகள்கூட ஓடி ஏறும் சரிவு. ப்ளோனர் ஒவ்வொரு வளைவிலும் நின்றார். புர்கல் அவருக்கு ஓர் அடி முன்னால், தண்டவாளத்தில் பனி கிடக்கும்போது ஓட்டுகிற வேகத்தில் நடந்தாள். நானும் ஸென்ஸியும் ரொட்டிப் பையோடு பின்னால். வானம் மேற்கில் கறுத்து வந்தது. காற்று நின்றுவிட்டது.

ஒரு வளைவில், வெட்டி அடுக்கிய மரங்கள் மேல் ப்ளோனர் சாய்ந்தார். முகம் சாம்பலாகி இருந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் புர்கல்.

அவர் மணிக்கட்டைத் திருப்பினார். "ஆயிரம். சரியா முள்ளு மேல."

ஸென்ஸி என் கையைக் கிள்ளினாள். புர்கல் மூச்சை இழுத்துவிட்டு நேராக நின்றாள். வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம், மேடம்" என்றார் ப்ளோனர். "இது சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"இடி மழை வருது. காத்தழுத்தம் இறங்குது. இறங்கினா இந்தக் கருவி கூடுதலாக் காட்டும். கிளம்பினதுலேர்ந்து எப்படியும் பதினஞ்சு, இருபது மீட்டர் பொய். நாம இன்னும் ஆயிரத்துக்கு வரல."

"அட பாவி மனுஷா" என்றாள் ஸென்ஸி, சத்தமாகவே. "முள்ளு சொல்லுதுல்ல! யாரு வந்து அளக்கப்போறா?"

"நான் அளப்பேன்" என்றார் ப்ளோனர். "பின்னாடி ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்தா? இது சந்தேகமில்லாம இருக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி அவரே மேலே நடக்கத் தொடங்கினார். வலது காலை வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். புர்கல் அந்த இடத்திலேயே நின்று அவர் முதுகைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் கழன்று விழுந்ததை நான் பார்த்தேன். மறுத்துவிடுவாரோ என்று எந்த முகத்துக்குப் பயந்தாளோ, அந்த மனிதர் நொண்டிக் காலோடு அந்தச் சொல்லைத் தேடி மலை ஏறிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவர் கைக்குள் தன் கையைக் கோத்தாள். அடுத்த வளைவையும் தாண்டி, வெட்டிய மரம் ஒன்றின் அடிக்கட்டையில் அவர் தொப்பென்று உட்கார்ந்தார். கீழே மரங்களுக்கு நடுவே ஏரி கறுப்பாகத் தெரிந்தது.

"இப்ப?" என்றாள்.

"இப்ப இருபது கழிச்சாலும் போதும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"ஸீக்ஹார்ட்" என்றாள் புர்கல். "போகாதே."

அவர் தொப்பியைக் கழற்றினார். முதல் மழைத்துளி அவர் வழுக்கையில் விழுந்தது. துடைக்கவில்லை.

"உன் கடிகாரம் பழுதே இல்ல, புர்கல்" என்றார். "ஒரு நாளும் இருந்ததில்ல."

"தெரியும்டா. நான்தான நிறுத்தி வைப்பேன்."

"பொண்ணுகிட்ட என்ன சொல்றது?"

"என் வீட்லயும் படி ஏற வேண்டாம்னு சொல்லு. லிஃப்ட் இருக்குன்னு சொல்லு."

"சரி" என்றார். "இருக்கேன்."

ஸென்ஸி ரொட்டிப் பையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மழை வலுத்தது. புர்கல் அவரை எழுப்ப இரண்டு கையையும் நீட்டினாள். எழுந்தவர் மறுபடி முள்ளைப் பார்த்துவிட்டு, சாட்சிக்கு என்று கையை என் பக்கம் நீட்டினார். நானும் பார்த்தேன். ஆயிரத்து இருபத்து மூன்று மீட்டர்.